முள்ளை மறைத்த பிள்ளையார்

என் மாமனாரின் காரில், ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டரின் மேல் பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டியவன் நான்தான். பக்தி காரணமல்ல. போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும் அந்த முள் சரிவதும் பக்கத்தில் இருந்த மனைவி "கீழ வந்துச்சுங்க" என்று அறிவிப்பதும் பொறுக்கவில்லை. ஐந்தாவது வளைவில் வண்டியை நிறுத்தி, கோயில் வாசலில் வாங்கிய பிள்ளையாரை அங்கே குடியேற்றினேன். அறிவிப்பு நின்றது.

என்னைவிடப் பத்து வயது மூத்த கார் அது. மாமனார் தன் சொந்தத் தம்பியிடம்கூடச் சாவியைக் கொடுத்ததில்லை. இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் கெட்டால் மாற்று கிடைக்காது, காயலான் கடைதான் என்பார். என்னிடம் கொடுத்தபோது சொன்னது ஒன்றுதான்: "முள்ளு பாதிக்குக் கீழ வந்தா ஓரங்கட்டிடுங்க மாப்ள. அது போதும்."

பழைய இன்ஜின்களைப் பற்றி மூன்று புத்தகம் படித்தவனுக்கு அது போதுமா? ஸ்டிக்கரை ஒட்டிய கையோடு மனைவிக்குப் பாடம் எடுத்தேன். ஷாஃப்ட் தன்னைத் தாங்கும் பேரிங்குகளைத் தொடுவதே இல்லை. நடுவில் தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம், அதில் மிதந்தபடிதான் சுழல்கிறது, என்ன அற்புதம்! அந்தப் படலத்துக்கு அழுத்தம் போகிறதா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியின் வாயைப் பொத்திவிட்டுத்தான் இவ்வளவும் பேசினேன்.

டொக், டொக் என்று சத்தம் வந்தது. சாலையோரம் புளி உலுக்கிக்கொண்டிருந்த மலைக்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"சார், நிறுத்துங்க. உள்ளார யாரோ சம்மட்டி அடிக்கிறாங்க."

"பழைய வண்டிங்க. அப்படித்தான் இருக்கும்."

"எங்க பம்புசெட்டும் சாவறதுக்கு முன்னாடி இப்டித்தான் பேசுச்சு."

சிரித்துவிட்டு கியரைப் போட்டேன். இரண்டு வளைவுகூடத் தாண்டவில்லை. இரும்பு அலறுவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. மலை முழுக்க அப்படி ஒரு அமைதி. சாவியைத் திருப்பினேன், இன்ஜின் கல்லாக நின்றது. பிள்ளையாரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். எதற்கென்று இன்றுவரை தெரியாது. நின்றுபோன இன்ஜினில் முள் பூஜ்யத்தைத் தவிர வேறு எங்கே இருக்கும்? மனைவி தன் அப்பாவுக்குப் போன் போட்டாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள், வண்டியை இழுத்துவந்து விட்டிருந்த போளூர் பட்டறைக்குக் கலசப்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் மாமனார் வந்து நின்றார். மெக்கானிக் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் அடித்தட்டைக் கழற்றினார். கருப்பு எண்ணெயில் ஜிகினா தூவியதுபோல் வெள்ளித் துகள்கள். பேரிங்கின் மேல்பூச்சு மெழுகாக உருகி ஓரத்தில் வழிந்து உறைந்திருந்தது. ஒரு கீறல் இருக்கும், தேய்த்தால் போய்விடும் என்றுதான் இரவெல்லாம் நினைத்திருந்தேன். ஷாஃப்டோ சூட்டில் வெந்து, விஷம் தீண்டிய உடம்புபோல் நீலம் பாரித்துக் கிடந்தது. மெக்கானிக் அதன்மேல் நகத்தை ஓட்டினார். ஒவ்வொரு கீறலிலும் நகம் மாட்டிக்கொண்டது.

"இன்னா சார், ஆயிலே இல்லாத ஓட்னீங்களா?"

"ஆயில் இருந்தது. மேட்டில், வளைவில் அழுத்தம்தான்..." என்று விளக்கத் தொடங்கினேன்.

மாமனார் அந்த நீலத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை. அப்புறம் மெக்கானிக்கிடம் திரும்பினார்.

"மாப்ளய ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. ஷாஃப்டயாவது எதுனா பண்ண முடியுமான்னு பாரு."