கவுன்சலிங்குக்கு முன்பே நர்சம்மா

1. விண்ணப்பித்த அன்றே டியூட்டி

எமர்ஜென்சி வார்டில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் கவுன்சலிங்குக்குக் காத்திருக்கும் பெண்கள் யாரிடமாவது என் நம்பரை வாங்கி, "அக்கா, இந்த கேப்ல இன்னா படிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். அந்த கேப்பில் நான் ஒன்றும் படிக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், உபயோகப்பட்டால் சரி.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதை ஓரத்திலேயே எங்கள் பெட்டிக்கடை. நெட் சென்டரில் அப்ளிகேஷன் போட்டுவிட்டு நான் வீடு திரும்புவதற்குள் அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்: "எம் பொண்ணு நர்சு." ஆகப் போகிறாள் என்கிற பகுதியைச் சௌகரியமாக விட்டுவிட்டார். அன்று சாயங்காலமே எதிர்வீட்டு சரோஜா அத்தை ஒரு மாத்திரை அட்டையோடு வந்து நின்றார்.

"இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியாடி?"

"தெரியாது அத்தை. நான் இன்னும் சேரவே இல்ல."

"சேர்றதுக்கு முன்னாடியே இவ்ளோ பிகு பண்றியே!"

மறுநாள் காது வலி வந்தது. அடுத்து ஒரு கட்டி. ஒருவர் தன் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். அதற்கு வேறு டிபார்ட்மென்ட் என்று அனுப்பிவைத்தேன். தெரியாது என்றால் யாரும் நம்பவில்லை. தெரியும் என்று சொல்லி யாரையாவது கொல்லவும் எனக்கு இஷ்டமில்லை. அதனால் எல்லோருக்கும் ஒரே வைத்தியம் வைத்துக்கொண்டேன்: "வாங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். நான் கூட வரேன்."

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மாப்பிள்ளை பேச்சு வேறு எடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் அந்தத் தொல்லை கிடையாது.

2. பெஞ்ச்

இப்படித்தான் தினம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏற ஆரம்பித்தேன். ஓ.பி. சீட்டு எங்கே, ரத்தம் எடுக்கும் இடம் எங்கே, எக்ஸ்ரேவுக்கு எந்தப் படி ஏற வேண்டும், எந்த சிஸ்டரிடம் எப்போது பேசலாம், எப்போது பேசவே கூடாது, எல்லாம் பழகிவிட்டது. ஓ.பி. சீட்டு கொடுப்பவர் ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இன்னாமா, தினம் ஒருத்தர கூட்டினு வர. புரோக்கரா?"

"நர்சிங் சேரப் போறேன் சார்."

"அதுக்கு இங்க இன்னா பண்ற?"

"வெயிட் பண்றேன் சார்."

"எல்லாரும் அதத்தான் பண்றாங்க. தள்ளி நில்லு."

மீதி நேரமெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒரு அம்மா, கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரர், முன்பின் தெரியாத என்னிடம் தன் வீட்டுக்காரர் போன கதையைச் சொன்னார். "நெஞ்சுல அடைக்குதுன்னாரு. சட்ட தொப்பலா வேர்வை. கேஸ்தான்னு சோடா வாங்கிக் குடுத்தேன். ஏப்பம் விட்டாரு, சரியாப்போச்சுன்னு நெனச்சேன். நானே சோடா குடுத்துக் கொன்னுட்டேம்மா." அவர் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது நான் அழுதேன்.

3. வலம்

அடுத்த பௌர்ணமி. சாயங்காலம், பாதை முழுக்கத் தலைகள். கடையில் அம்மா மோர் ஊற்ற, நான் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தேன். அப்போது ஏழுமலை மாமா வந்து பிளாஸ்டிக் சேரில் தொப்பென்று உட்கார்ந்தார். சரோஜா அத்தையின் வீட்டுக்காரர். நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், பயிர் போடுகிறவர், மூட்டை தூக்க ஆள் கூப்பிடாதவர். ஊருக்குள் சிலர் வீட்டு வாசலிலேயே கிரிவலத்தை ஆரம்பித்து வாசலிலேயே முடித்துக்கொள்வார்கள். மாமாவுக்கு அது ஆகாது. டவுனுக்குப் போய் கோபுரத்தடியில் ஆரம்பித்து அங்கேயே முடிக்க வேண்டும். பாதிக்கு மேல் சுற்றி வந்துவிட்டார்.

"கண்ணு, ஒரு சோடா உடை. கேஸு புடிச்சுனுக்குது."

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைத் தடவிக்கொண்டே இருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அம்மா சோடாவை எடுத்தார். நான் பிடுங்கி வைத்தேன்.

மருத்துவ முகாம் எங்கள் கடைக்குக் கூப்பிடு தூரம்தான். ஆம்புலன்சும் அங்கேதான் நின்றது. ஆனால் ஜனங்கள் வருகிற பக்கம், அதாவது பின்பக்கம். அப்பா கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஓடிப்போய் வந்தார். "ஸ்ட்ரெச்சர் எல்லாம் வெளிய போயிருக்காம். வண்டி கூட்டத்துல வராதாம். ஆளத் தூக்கினு வரச் சொல்றாங்க."

"எந்தப் பக்கம்?" என்றார் மாமா.

அப்பா கையைக் காட்டினார்.

"வர மாட்டேன். வலம் வந்துனு இருக்கேன். திரும்பக் கூடாது."

எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்த அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அப்பா திட்டினார். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் வேறு வந்து, "எதிர்ல யாரும் போகக் கூடாது" என்றார். சாமியும் போலீசும் ஒரே கட்சி. எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கத்தினேன். "செத்துடுவீங்க மாமா! புரியுதா? திரும்பினா இன்னா ஆயிடும்?"

"எனக்கு இன்னா ஆனா இன்னாடி. என் பொண்ணுக்கு மாசம் நிறைஞ்சிடுச்சு. போன ரெண்டும் தங்கல. இதுக்காகத்தான் வேண்டினு நடக்கறேன். பாதியில நான் திரும்பினா அவளுக்கு ஆகாது."

அதுவரை தலையில் அடித்துக்கொண்டிருந்த அத்தை, முந்தானையால் மாமாவின் நெற்றியைத் துடைத்தார். சாமியாவது பூதமாவது என்று சொல்ல அது நேரமில்லை, எனக்கு மனசும் வரவில்லை.

"மாமா, சன்னதியில கும்பிட்டுட்டு எப்படி வெளிய வருவீங்க?"

"பின்னாடியே நடந்து வருவேன். சாமிக்கு முதுகு காட்டக் கூடாது."

"அப்போ திரும்பறதில்ல, இல்ல?"

"இல்ல."

"இப்பவும் திரும்பவேணாம். நீங்க உக்காந்த மாதிரியே, போற பக்கம் பார்த்துனு இருங்க. நாங்க சேரைப் பின்னாடி எடுத்துனு போறோம்."

மாமா யோசித்தார். ஒரு மனுஷன் மாரடைப்பில் உட்கார்ந்துகொண்டு இப்படி யோசிப்பதைப் பார்த்தால்தான் என் அவஸ்தை புரியும். பிறகு, "அது சரியாத்தான் இருக்கு" என்றார்.

அப்பா ஒரு பக்கம், வேலூரிலிருந்து வந்த பக்தர்கள் இருவர் மறுபக்கம், சேரைத் தூக்கினார்கள். போலீஸ்காரரும் விசிலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மாமா கூட்டம் போகிற திசையையே பார்த்தபடி, கை கூப்பியபடி, பின்பக்கமாகப் போனார். எதிரே வந்தவர்கள் யாரோ பெரிய சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டு வழிவிட்டார்கள். சிலர் காலைத் தொட்டார்கள். நான் கூடவே ஓடினேன்.

முகாமில் டாக்டர் ஈ.சி.ஜி. பார்த்தார், ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார், உடனே ஆம்புலன்சில் ஏற்றச் சொன்னார். ஏற்றும்போது மாமா என் கையைப் பிடித்தார். "இது எந்தப் பக்கம் போவுது?"

செங்கம் ரோட்டுப் பக்கம், ஆம்புலன்சுக்கென்று தடுப்பு கட்டி விட்ட வழியில், மாமா நடந்து வந்த திசையிலேயே திரும்ப. பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அவசியமே வரவில்லை. ஆம்புலன்சில் நோயாளியின் தலை டிரைவர் பக்கம் இருக்கும், கால் கதவுப் பக்கம்.

"வண்டி எந்தப் பக்கமாவது போவட்டும். நீங்க கதவையே பாருங்க மாமா, அதான் வலம்."

4. இன்னா படிக்கலாம்

பெரியாஸ்பத்திரி டாக்டர் அத்தையிடம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். என்னிடம், "எந்த காலேஜ்?" என்றார். இன்னும் சேரவில்லை என்றேன். நான் அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டார்.

இப்போது என் வார்டில் யாராவது "வர மாட்டேன், ஊசி வேணாம்" என்று அடம்பிடித்தால், ஜூனியர்கள் உடனே "பேஷண்ட் கோஆபரேட் பண்ணல" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பல நேரம் அவர்கள் பயப்படுவது தங்கள் உயிருக்காக இல்லை. காத்திருக்கும் பெண்களே, பெஞ்சில் போய் உட்காருங்கள். யாராவது பேசினால் கேளுங்கள். அவ்வளவுதான் என் சிலபஸ்.

மாமாவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தங்கிவிட்டது. எனக்குச் சீட் கிடைத்து காலேஜ் திறக்காமல் இருந்த நாட்களில், மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு காலையில் மாமா அத்தையோடு கடைக்கு வந்தார். அன்று சேர் கிடந்த இடத்தில் போய் நின்றார். கோபுரம் வரைக்கும் பாக்கி இருக்கிறதாம்.

"கெளம்பறதுக்கு முன்னாடி கையப் புடிச்சு நாடி பாரு."

"எண்ணத் தெரியாது மாமா."

"தெரிஞ்ச வரைக்கும் பாரு."

மணிக்கட்டைப் பிடித்தேன். அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நடங்க மாமா," என்றேன்.