அன்னூசாவின் ஞானத்தகப்பன்

ஆர்கிரி பிடிவாதக்காரி. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரி, மீனுக்கு உப்புப் போட்டுப் பிழைத்தவள். எனக்கும் வாய் நீளம்தான், ஆனால் அவளிடம் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

அவளுடைய தாத்தா காலத்தில் எல்லை கிழக்கே பத்து நாள் பயணத்தில் இருந்தது. மலைக்கணவாயைக் காத்தவர்களுக்கு வரியே கிடையாது. மேற்கிலிருந்து வந்து பிடித்திருந்த லத்தீன்காரர்களிடமிருந்து தலைநகரை மீட்டதும் பேரரசர்களுக்கு எங்கள் ஞாபகம் அற்றுப்போயிற்று. வரி வந்தது, காவல்காரர்கள் கலைந்தார்கள். பிறகு சிம்மாசனத்துக்காகப் பேரரசரும் அவருடைய சொந்தப் பேரனும் அடித்துக்கொண்டார்கள். அதற்குள் துருக்கியர் முன்னேறி, எல்லை எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கே வந்துவிட்டது.

அந்தத் தோட்டத்தில்தான் ஆர்கிரியின் புருஷன் ஸ்தமாதிஸ் அம்பு பட்டுச் செத்தான். கோட்டைத் தலைவர் வர்தாலிஸிடம் வில்லாளியாக இருந்தவன். அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. பெண் பிறந்ததும் வர்தாலிஸே வீடு தேடி வந்தார்.

"ஸ்தமாதிஸ் எனக்காகச் செத்தவன்மா. ஞானஸ்நானத்துல பிள்ளைக்கு ஞானத்தகப்பனா நான் நிக்கிறேன்."

"வேண்டாங்கய்யா," என்றாள் ஆர்கிரி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் தலை மறைந்ததும் சண்டைக்குப் போனேன்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? ஞான உறவு ரத்த உறவுக்கும் மேலடி. தலைவரே சொந்தமாகறேன்னு வாசல்ல வந்து நிக்கிறாரு!"

"எனக்கு நின்னவரு செத்தாரு. என் புருஷனுக்கு நின்னவரும் செத்தாரு. இவரு மட்டும் தப்பிச்சிருவாராக்கா? என் பொண்ணுக்குச் சாகாத ஆளா பார்த்து வச்சிருக்கேன்."

சாகாத அந்த ஆள், அவள் வீட்டுச் சுவரில் இருந்த புனித தெமெத்ரியோஸின் மரப்படம். எங்களில் எப்போதாவது யாராவது அப்படிச் செய்வதுண்டு. ஞானஸ்நானத் தொட்டியருகே படத்தை முக்காலியில் நிறுத்தி, குழந்தையின் கையை அதன்மேல் வைத்தார்கள். "ஏண்டி, பாதிரியார் கேட்ட கேள்விக்கு உன் சொந்தக்காரரு வாயே தொறக்கமாட்டேங்கிறாரே!" என்றேன். பாதிரியாரே சிரித்துவிட்டார். வர்தாலிஸ் வரவில்லை.

குழந்தைக்கு அன்னூசா என்று பெயர். பேச்சு வந்த நாள் முதல் படத்தை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். தான் தின்னும் ரொட்டியில் ஒரு துணுக்கை அதன் உதட்டில் வைத்து அழுத்துவாள்.

அவளுக்கு ஐந்து வயதானபோது துருக்கியர் ஊரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சண்டைகூடப் போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மாதத்தில் கழுதைகளையும் தின்று தீர்த்தோம். தலைநகரத்திலிருந்து படை வரும் என்றார்கள். வந்தது ஒரே ஒரு கப்பல். அதுவும் ஊரை ஒப்படைத்துவிட்டுத் தலைவரைக் கூட்டிப்போக. உச்சிப்பொழுதுக்குள் ஏறுகிறவர்கள் போகலாம், மற்றவர்கள் புது எஜமானர்களுக்கு அடிமை என்று ஒப்பந்தம். தலைவரின் உறவினர்கள் ஏறலாம், ஞான உறவும் அதில் சேர்த்தி. துடுப்புக்கு ஆள் குறைந்ததால் என் புருஷனைச் சேர்த்துக்கொண்டார்கள், அவனோடு நானும் ஏறிவிட்டேன்.

ஆர்கிரி இடுப்பில் குழந்தையும் கையில் படமுமாகக் கப்பல் பலகையருகே வந்து நின்றாள். வர்தாலிஸ்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் வரல. இவள மட்டும் ஏத்திக்குங்க."

"இவளுக்கு ஞானத்தகப்பன் யாரும்மா?" தெரிந்தேதான் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "என் ஞானப்பிள்ளைங்க ஆறு பேரு ஏறியாச்சு. இதுக்கு மேல கப்பல் தாங்காது. அன்னைக்கே வந்து கேட்டேனேம்மா."

ஆர்கிரி படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

வர்தாலிஸ் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். படத்தை வாங்கி முத்தமிட்டார். "புனிதரை அவங்க கையில விடலாமா?" என்று கப்பலுக்கு நீட்டினார். நெருக்கியடித்து நின்றவர்கள் ஆளுக்கொரு முத்தம் கொடுத்துக் கைமாற்றினார்கள். ஆர்கிரியின் முகம் மலர்ந்தது. தகப்பன் ஏறிவிட்டால் மகளையும் ஏற்றுவார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம். குழந்தையை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தாள்.

பலகையை இழுத்துவிட்டார்கள்.

படம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் என் மடிக்கு வந்தது. ஒரு சின்னப்பிள்ளை தாராளமாக உட்காரக்கூடிய இடத்தை அது பிடித்துக்கொண்டது.

"அக்கா! பிள்ளைய வாங்கிக்கக்கா! அக்கா!"

கப்பல் கரையை விட்டு இரண்டு முழம்கூட விலகியிருக்கவில்லை. எழுந்து கை நீட்டினால் எட்டியிருக்கும். எழுந்தால் என் இடம் போய்விடுமோ என்று பயந்தேன். நான் எழுந்திருக்கவில்லை.