டபிள்யூ என்று ஒரு கேள்வி

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, சங்கரன்கோவிலுக்கு வெளியே ராஜபாளையம் ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தாள். எண்பதுகளின் கடைசி அது. மில்லில் ஏசி போட்டிருந்தது முதலாளி அறைக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும்தான். நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், வெயிலுக்குப் பயந்து நானும் அத்தையோடு ஒட்டிக்கொண்டேன். செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும் என்பது மில்லின் சட்டம். உள்ளே சத்தமாகத் தும்மக்கூடாது என்பது நானாக வைத்துக்கொண்டது.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடும். அத்தை சரக்கு விவரங்களை ஏற்றிக்கொண்டே இருப்பாள். நடுவில் நிறுத்தி, டபிள்யூ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டி என்டரை அமுக்குவாள். உடனே சில வரிகள் வந்து விழும். அது என்ன என்று கேட்டேன்.

“மெஷின்ட்ட நீ எப்படி இருக்கேன்னு கேக்குதேன் மக்கா. முழிச்சு எவ்வளவு நேரமாச்சு, வேலை பாரமா இருக்கா, உள்ள யாரெல்லாம் இருக்காங்க, என்ன செய்யுதாங்க, எல்லாம் சொல்லும்.”

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் வீட்டு ரேடியோவுக்கு என்ன கோளாறு என்று தெரிய அதன் தலையில் அடித்துத்தான் பார்க்க வேண்டும். இது கேட்டதும் சொல்கிறது! அத்தை சம்மதித்தபோதெல்லாம் நானும் தட்டிப் பார்த்தேன். கரண்ட் நின்று வந்தால் முழித்த நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கும். “செத்துப் பொழச்சிருக்கு, பாவம்” என்று அத்தையிடம் சொல்வேன்.

உள்ளே இருப்பவர்கள் என்று எப்போதும் இரண்டு பேரையே அது காட்டியது. ஒருத்தி அத்தை. மற்றவர், மில்லின் கடைசியில் பஞ்சு குடோனில் இருந்த இன்னொரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குடோன் சார். அவர் கடைசியாகக் கீயைத் தொட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுகூட அந்த வரியில் இருக்கும். அத்தை ஓயாமல் டபிள்யூவைத் தட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம். தட்டியவள் திரையையே பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

“ஆளு உள்ள இருக்குன்னு காட்டுது. கீயைத் தொட்டு அரை மணி நேரமாச்சு. அவரு எந்திரிச்சுப் போனா மெஷினை விட்டு வெளியேறிட்டுத்தான் போவாரு.”

இன்டர்காமில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரிசீவரை வைக்காமலே ஓடினாள். செருப்பு வாசலில் கிடந்தது. கொதிக்கிற சிமெண்டுத் தளத்தில் வெறுங்காலோடு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

குடோனில், அவர் நாற்காலிக்குப் பின்னால் அடுக்கியிருந்த பஞ்சு பேல்கள், ஆளுயரப் பொதிகள், சரிந்து கிடந்தன. அடியில் குடோன் சார், இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல். கத்திக் கத்தித் தொண்டை அடைத்திருந்தது. ஸ்பின்னிங் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? அத்தை போட்ட கூச்சலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லோடுமேன்கள் எச்சில் கையோடு ஓடிவந்து பேல்களைப் புரட்டினார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

“மெஷின்லா காப்பாத்திட்டு!” என்றார் மேனேஜர்.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது கதை சொன்னது நான்தான். பெருமை பொங்கச் சொன்னேன். “அத்தை எப்பப் பாத்தாலும் தட்டித் தட்டி அவரு இருக்காரான்னு பாப்பாங்கப்பா. அதான் ஒடனே தெரிஞ்சுட்டு.”

அப்பாவின் கை சோற்றில் நின்றது. அம்மா ரசத்தை ஊற்றாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அவன் என்ன ஆளுட்டி?” என்று அத்தையைக் கேட்டார் அப்பா.

“குடோன் ஆளுப்பா” என்றேன் நான்.

யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

“நான் அதைக் கேட்டதே இல்லண்ணே” என்றாள் அத்தை.

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். பிறகு அவர் அத்தையோடு வருஷக்கணக்கில் பேசவில்லை. நொண்டி நடந்த மாப்பிள்ளைக்கு அத்தை மாலை போட்டபோது, எங்கள் வீட்டிலிருந்து போனது அம்மாவும் நானும் மட்டும்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் ஒரு சின்ன விஷயமாகத்தான் பட்டது. அத்தை கேட்க மறந்துவிட்டாள், அவ்வளவுதானே? கை கழுவப் போன அப்பாவின் பின்னாலேயே போய், வேட்டியைப் பிடித்து இழுத்துச் சொன்னேன்:

“நாளைக்கு நான் மெஷின்ட்ட கேட்டுட்டு வந்து சொல்லுதேன்ப்பா.”