இம்பாலா இல்லை, கேலக்ஸி

பெங்களூர் ஜோகுபாளையத்தில் ரெமிஜியஸ் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். இம்பாலாக்காரர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கை காட்டுவார். ரெமிஜியஸுக்கு அதில் ஒரே ஒரு வருத்தம். அவரிடம் இருந்தது இம்பாலா இல்லை. அறுபத்து நான்காம் வருஷத்து ஃபோர்டு கேலக்ஸி.

"இம்பாலா செவர்லே கம்பெனிங்க. இது ஃபோர்டு. கேலக்ஸி."

இதை அவர் பால்காரரிடம், போஸ்ட்மேனிடம், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரிடம், ஒரு தடவை போலியோ சொட்டு மருந்து போட வந்த நர்ஸம்மாவிடமும் சொல்லியிருக்கிறார். கடைசி எழுத்து வரும்போது வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், புளி சாப்பிட்டவர் மாதிரி. எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டு முடித்ததும், "சரிங்க சார், இம்பாலா லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்பார்கள்.

சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. தொண்ணூற்று இரண்டில் ரிச்மண்ட் டவுன் பக்கம் ஒரு பழைய பங்களாவை அபார்ட்மெண்ட் கட்டுவதற்காக இடிக்கப் போனார்கள். காப்பித் தோட்டக்காரர் ஒருவரின் பங்களா. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பின்பக்க மாமரத்தடியில் நான்கு டயரும் மண்ணில் புதைந்து கேலக்ஸி நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் கோழி அடைகாத்தது. ரெமிஜியஸ் அதைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த ஞாயிறு அது ஜோகுபாளையத்துக்கு வந்துவிட்டது, கோழி மட்டும் இல்லாமல்.

வந்த விதத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். ரெமிஜியஸ் வீடு ஒரு குறுகலான சந்தின் கடைசியில். வீட்டுக்கு முன்னால் நல்ல அகலமான முற்றம் உண்டு, ஆனால் அங்கே வருவதற்குச் சந்து ஒன்றுதான் வழி. சந்து தெருவைத் தொடுகிற முனையில் அப்போது ஒரு காலி மூலை இருந்தது. குப்பை கொட்டுவார்கள், அவசரம் என்றால் சுவரைப் பார்த்து நிற்பார்கள். டெம்போ இழுத்து வந்த காரைத் தெருக்காரர்கள் பத்துப் பேர் அந்தக் குப்பை மேலேயே குறுக்காகத் தள்ளிச் சந்துக்குள் நுழைத்தார்கள். யாரும் ஒன்றும் யோசிக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு யோசிப்பது சிரமம்.

அன்றைக்கு ரெமிஜியஸின் மகள் ஜோவிதா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். மூன்று பேர் படுக்கலாம் போல இருந்தது.

"டாடி, என் கல்யாணத்துக்கு இதுலதான் சர்ச்சுக்குப் போவேன்."

அவள் அம்மா டோரீன் வாசற்படியிலிருந்து சொன்னாள்: "அப்போ உனக்குக் கல்யாணமே ஆகாதுடி."

டோரீன் வேடிக்கையாகச் சொன்னதுதான். ரெமிஜியஸ் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். மகளின் கல்யாணத்தன்று அவளை இந்தக் காரில் வைத்துச் சர்ச் வாசலில் இறக்க வேண்டும். அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு வாழ்க்கையில் வேறு திட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

சிவாஜி நகர் குஜ்ரியில் பழைய இரும்பைக் கிளறுவதும், ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கடை கடையாக ஏறி இறங்குவதுமாக ஞாயிறுகள் போயின. கார்புரேட்டருக்கு ஒரு வருஷம். பிரேக்குக்கு லாரி ரப்பரைச் செதுக்கி ஒரு வருஷம். பின்பக்க விளக்குகள் தோசைக்கல் அளவில் வட்டமாக இருக்கும், அதில் ஒன்று உடைந்திருந்தது. அதன் சிவப்புக் கண்ணாடிக்காக மெட்ராஸ் வரை போனார். ஜே.சி. ரோட்டு மெக்கானிக் ஒருவர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் தோளில் கை போட்டு, "பெட்ரோல் நக்கோ சாப், வேணாம். மேட்டடார் வேன் டீசல் இஞ்சின் போட்டுக் குடுக்கறேன், ராஜா மாதிரி ஓட்டுங்க," என்பார். ரெமிஜியஸுக்கு அது தன் மகளை வேறு யாருக்கோ பிறந்தவள் என்று சொன்னது போல இருக்கும். அடுத்த கடைக்கு நடந்துவிடுவார்.

ஆனால் அந்த எட்டு சிலிண்டர் இஞ்சின் மட்டும் மசியவில்லை. கழற்றி மாட்டினார், மறுபடி கழற்றினார். செல்ஃப் சுற்றும், ஒரு இருமல் வரும், அவ்வளவுதான். நாலு வருஷம் போனது.

இங்கேதான் மாதா வருகிறாள்.

தெருவிலிருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரத்துக்கு ஒரு வீடாகக் கூடி ஜெபம் சொல்வார்கள். அன்பியக் கூட்டம் என்று பெயர். முடிவில் ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருத்திக்குச் சர்க்கரை குறைய வேண்டும், ஒருவருக்குப் பையன் பாஸாக வேண்டும். ரெமிஜியஸ் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, முழங்கால் வலியோடு, அவர் சொன்னார்:

"வேளாங்கண்ணி மாதாவே, என் வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா தெரு முனையில உமக்கு ஒரு கெபி கட்டி வைக்கிறேன்."

கெபி என்றால் மாதா சிலைக்குக் குகை மாதிரி கட்டுகிற சின்னக் கோயில். தெரு முனை என்று ஏன் சொன்னார்? கார் சந்திலிருந்து வெளியே வரும்போது மாதாதான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. மாதா கேட்டாளோ இல்லையோ, அன்பியத்தின் செயலாளர் சிரில் கேட்டுவிட்டார். சிரில் பூசையில் வாசகம் வாசிக்கிறவர். வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தித்தான் கேட்பார். அவர் காதில் விழுந்தது கல்வெட்டு.

மறுவாரம் இஞ்சின் ஸ்டார்ட் ஆனது. அந்த உறுமலில் பக்கத்து வீட்டு அலமாரிப் பாத்திரம் எல்லாம் ஆடியது. ரெமிஜியஸ் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார். டோரீன் வந்து பார்த்துவிட்டு, கேஸை அணைக்கவில்லை என்று உள்ளே ஓடினாள்.

கார் அப்போதும் கல் மேல்தான் நின்றது. டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் பாக்கி. அதற்குள் அந்தக் குப்பை மூலையில் கெபி வேலை தொடங்கிவிட்டது. ரெமிஜியஸ் விவரமில்லாதவர் அல்ல. துணி காயப்போடுகிற மூங்கிலைக் காரின் அகலத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டு போய், கெபிக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் கை நுழைகிற இடம் இருந்தது. கெபிக்கு எதிர்வீட்டுச் சாமிநாதன் டாக்ஸி ஓட்டுகிறவர். "என் அம்பாசிடரே தாராளமா போவுது ரெமி, கவலய விடு," என்றார். ஃபாதர் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். கண்ணாடிக் கதவு, சீரியல் பல்பு, மெழுகுவர்த்தி ஸ்டாண்டு. குப்பை கொட்டுவது நின்றது. சுவரைப் பார்த்து நிற்பவர்கள் வேறு சுவர் தேடிப் போனார்கள். தெருவில் சாதி மத வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் ரெமிஜியஸை வாழ்த்தினார்கள்.

அவர் பெல்ட் வாங்க அளவு எடுப்பது போல இடுப்பை மட்டும் அளந்திருந்தார். நீளத்தை அளக்கவில்லை.

தொண்ணூற்று எட்டு ஈஸ்டர் ஞாயிறு. இளநீலப் பெயிண்டில் கேலக்ஸி மின்னியது. பூசை முடிந்து தெருவே கூடியிருந்தது. கார் சந்தில் மெதுவாக ஊர்ந்து முனைக்கு வந்தது. சாமிநாதன் முன்னால் நின்று பின்பக்கமாக நடந்துகொண்டே கையை ஆட்டினார். வா, வா, ரைட்டுல ஒடி, இன்னும் ஒடி. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் நின்றது. காரின் மூக்கு எதிரே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் மேடையைத் தொட்டுவிட்டது. வயிறு கெபியின் படியைத் தொட்டுவிட்டது. வாலில் இன்னும் முக்கால்வாசி சந்துக்குள் இருந்தது. பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, பின்னால் எடுத்து. வெயில் ஏறியது. கூட்டம் பிரியாணிக்குப் போனது.

சாமிநாதன் கடைசியாக ஜன்னல் அருகே வந்து குனிந்தார். "ரெமி, கொஞ்சம் சின்னதா வாங்கியிருக்கலாம்."

ஜோவிதா அப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அப்பாவைத் தேற்றுவதற்காக வேடிக்கை செய்தாள். "டாடி, நீ ஸ்டார்ட் ஆவணும்னுதான கேட்ட? வெளிய போவணும்னு கேக்கவே இல்லயே. மாதா மேல என்ன தப்பு?"

அவர் சிரித்தார். அந்த வாக்கியம் அவருக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

பிறகு அலைச்சல். மின்சார அலுவலகத்தில் டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டதற்கு ஓர் இஞ்சினியர், "ஆகல்ல சார்," என்று கையை விரித்தார். ரெமிஜியஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நோடோணா," பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். ஜாக்கி வைத்து வாலைத் தூக்கி நகர்த்திப் பார்த்தார்கள். நகர்த்துவதற்கு இடம் வேண்டுமே. கிரேன் வரலாம் என்றால் சந்துக்கு மேலே கேபிள் டிவி வயர் கொடிக்கயிறு போலப் பின்னிக் கிடந்தது. கடைசியில் ஒரு நாள் ரெமிஜியஸ் சிரிலின் வீட்டுக்குப் போனார். கெபியைக் கொஞ்சம், ஒரு இரண்டு அடி, உள்ளே தள்ளிக் கட்ட முடியாதா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

சிரில் யோசித்தார். வாசகம் வாசிக்கிற குரல் வந்தது.

"அண்ணே. வாக்கு குடுத்தது நீங்க. வாங்கிக்கிட்டது மாதா. நடுவுல நான் யாரு?"

சிரில் ஒத்துக்கொண்டிருந்தாலும் தெருவில் ஒருவரும் சம்மதித்திருக்க மாட்டார்கள். மாதா போனால் குப்பை வரும்.

அடுத்த ஜனவரியில் ஜோவிதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டேரில், அவளோடு வேலை செய்கிற பையன். டோரீன் கணவரைக் கேட்காமலே ஒரு வெள்ளைக் கான்டெஸா காரை வாடகைக்குப் பேசிவிட்டாள். கல்யாணத்தன்று காலையில் அது தெருவில் ரோஜா மாலையோடு நின்றது. ரெமிஜியஸ் கோட்டு சூட்டு போட்டு, டை கட்டி, முற்றத்தில் கேலக்ஸியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கும் போகாத காரை எதற்குத் துடைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

ஜோவிதா வெள்ளை கவுனோடு வெளியே வந்தாள். அப்பாவையும் காரையும் பார்த்தாள்.

"டாடி, முனை வரைக்குமாவது போலாம். அங்க எறங்கி அந்த வண்டில ஏறிக்கறேன்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து டோரீன்கூடக் கவுனைப் பிடித்துக்கொள்ள வந்தாள். முற்றத்தில் பின்கதவு அகலமாகத் திறந்தது. கவுனை மடித்து உள்ளே வைத்தார்கள். இஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. சாமிநாதன் முன்னால் நடக்க, சொந்தக்காரர்கள் பின்னால் நடக்க, கேலக்ஸி சந்தில் ஊர்வலமாகப் போய்க் கெபியின் பக்கத்தில் நின்றது. ரெமிஜியஸ் மகளுக்குக் கதவு திறப்பதற்காக இறங்கப் போனார்.

அவர் கதவு ஒரு சாண் திறந்து சுவரில் இடித்தது. பின்கதவுகளும் ஒரு சாண்தான்.

மூங்கிலில் அளந்தவர் கதவை அளக்கவில்லை. இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஈஸ்டர் அன்றைக்கு யாரும் சந்தில் இறங்க வேண்டி வரவில்லையே.

"ரிவர்ஸ் எடுங்க, சீக்கிரம்," என்றாள் டோரீன், கார் வாலின் பக்கமிருந்து. சர்ச்சில் முதல் மணி அடித்துவிட்டிருந்தது. அவர் ரிவர்ஸ் போட்டார். சூடேறிய இஞ்சின் ஒரு குலுக்கல் குலுக்கி நின்றது. சாவியைத் திருப்பினார். டிக். மறுபடி டிக்.

யாரோ ஜன்னல் வழியாகப் பெண்ணை இழுத்துவிடலாமா என்று கேட்டார்கள். கவுனைப் பார்த்துவிட்டு அவர்களே சும்மா இருந்துவிட்டார்கள். சாமிநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார். முனையில் காத்திருந்த சிரில் கோட்டைக் கழற்றி மாதாவின் காலடியில் வைத்தார். நாலைந்து பேர் பானெட்டில் கை வைத்துத் தள்ளினார்கள். கார் வந்த வழியே பின்னால் ஊர்ந்தது. ரெமிஜியஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பின் கண்ணாடியைப் பார்த்தார். அதற்கு நடுவில் மகளின் முகம் இருந்தது. வலைத்துணிக்குப் பின்னால் அவள் அழுவாள் என்று பயந்தார். அவள் அழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில் இறங்கியதும் அவள் கவுனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சந்தில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். கெபியில் நிற்கவில்லை. சர்ச்சில் ரெமிஜியஸ் அவளைப் பீடம் வரை அழைத்துப் போனபோது, முற்றத்தில் பானெட்டைத் திறந்து பார்த்ததில் அவர் கையெல்லாம் கிரீஸ். அவள் கையுறை அழுக்காகாமல் அவர் முழங்கையைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டாள். ஃபோட்டோக்களில் அவர் ஒரு கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டிருப்பார்.

அதற்கப்புறம் அவர் அந்தக் காரைத் தொடவில்லை. பேட்டரியைக் கழற்றிச் சாமிநாதனுக்குக் கொடுத்துவிட்டார். ஜோவிதா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வாள். பிரஷர் எப்படி, மம்மி சாப்பிட்டாங்களா, எல்லாம் கேட்பாள். காரைப் பற்றிக் கேட்டதில்லை. அவரைப் புண்படுத்தக் கூடாது என்றுதான் கேட்கவில்லை. எலி வயரைத் தின்றது. மழை பட்ட இடத்தில் இளநீலம் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பியது. இன்னொரு முறை தொடங்க அவருக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில் காரை வெட்டுவதற்குக் கேஸ் கட்டிங் செய்கிற ஆளை அவரே கூட்டி வந்தார். தடுத்தது டோரீன்தான்.

"இருந்துட்டுப் போவட்டுமேங்க. என்ன சோறா கேக்குது?"

"இல்லம்மா. முழுசா போவாது. இப்பிடியாவது போவட்டும்."

துண்டு துண்டாகத் தள்ளுவண்டியில் போனது. முதலில் கதவுகள் நாலும். பிறகு பானெட். சிரில் வந்து, வண்டி திரும்ப வசதியாக, மெழுகுவர்த்தி ஸ்டாண்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். ரெமிஜியஸ் கெபியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கும்பிடவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒவ்வொரு துண்டும் மாதாவைத் தாண்டி, டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி, சுலபமாகத் தெருவில் இறங்கியது.

கடைசி வண்டியில் வட்டச் சிவப்பு விளக்குகளோடு பின்பக்கம் போயிற்று. குஜ்ரியிலிருந்து வந்த வண்டிக்காரர் அதைத் தடவிப் பார்த்தார்.

"சக்கத்தா இருக்கு சார், சூப்பரு. இம்பாலாவா?"

ஸ்டாண்டைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருந்த சிரில் நிமிர்ந்தார். எதிர்வீட்டு வாசலில் சாமிநாதனும் நிமிர்ந்தார். இத்தனை வருஷமாகக் கேட்டுப் பழகிய பதிலுக்காக இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஆமாப்பா," என்றார் ரெமிஜியஸ். "இம்பாலாதான்."