பீலித் தண்ணீரும் தம்பியின் குளிர்ப்பெட்டியும்

மகள் தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு பகல் மழையில் பீலிக்கு மேலே இருந்த மேடு சரிந்து இறங்கியது. ஆளுக்குச் சேதமில்லை. இரண்டு சவுக்கு மரங்கள் சாய்ந்தன, அவ்வளவுதான். ஆனால் மலை ஊற்றுக்குக் குழாய் வைத்த அந்தப் பீலியிலிருந்துதான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் தண்ணீர். அன்று சாயங்காலம் தொட்டியில் விழுந்தது செங்கல் கரைத்த மாதிரி இருந்தது. இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. தெளிந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கலங்கிய தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள், தெளிந்ததைத்தான் குடிப்பார்கள்.

பயத்துக்கு விதை போட்டவர் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள். தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: “சரிஞ்ச எடத்துலதானே, சேர், வெள்ளக்காரன் காலத்து மருந்து ஸ்டோர் இருந்துச்சு. புல்லு சாவுறதுக்கு ஒரு வெள்ளைத் தூள் வச்சிருந்தாங்களாம். ஆடு நக்கினா ஆடும் காலியாம். மிச்சத்தை அங்கயே பொதைச்சாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு.”

“நீங்க குடிக்கிறீங்களா இந்தத் தண்ணிய?”

“நான் என்னத்த தண்ணி குடிச்சேன்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தத் தூளின் பெயர் ஆர்சனிக் என்று கண்டுபிடிக்க எனக்குக் கைப்பேசியும் பத்து நிமிடமும் போதுமாக இருந்தது. நான் ஹட்டனில் புவியியல் படிப்பிக்கிற ஆள். இரசாயனம் தெரியாது. தெரியாததுதான் ஆபத்து, தெரியாதவன் வாசிக்கிற எல்லாமே அவனுக்குப் பொருந்தும். நகத்தில் வெள்ளைக் கோடு விழும் என்று போட்டிருந்தது. பார்த்தேன், விழுந்திருந்தது. மனைவி என் விரலைப் பிடித்துத் தன் சேலையில் ஒரு தேய் தேய்த்தாள். “சோக்குத் தூளுங்க. கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க” என்றாள். கழுவினேன், எந்தத் தண்ணீரில் கழுவுகிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது.

எனக்கு வந்தால் பரவாயில்லை. நான் ஏற்கெனவே பாதி கெட்டுப்போன சரக்கு. மகளுக்கு ஏழாவது மாதம். அவள் குடிக்கிற ஒவ்வொரு கிளாஸ் தண்ணீரும் உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் போகிறது.

என் தம்பி ஐரோப்பாவில் ஓர் ஆய்வுகூடத்தில் எக்ஸ்ரே டிடெக்டர் செய்கிறவன். அவனிடம் சொன்னேன். தொட்டியின் அடியில் படிந்த மண்ணைக் கொஞ்சம் காயவைத்து, மாவாக அரைத்து, புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பச் சொன்னான். என்னோடு படிப்பிக்கிற ஒருவரின் மச்சான் அந்தப் பக்கம் பயணம் போக இருந்தார். எல்லாம் கூடி வந்தது.

காயவைப்பதுதான் பாடு. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் சாக்ஸே காயாது. பிறகு எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். பழைய தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஈரம் ஏறாமல் இருக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். வீட்டில் பெட்டித்தாள் என்போம். பிறப்புச் சான்றிதழ், விதை, தீப்பெட்டி எதுவானாலும் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அதில்தான் சுற்றி வைப்போம். எங்கள் வீட்டுப் பெட்டியின் மூடியிலிருந்து ஒரு முழம் உரித்தேன்.

“கிழிச்சுத் தொலைக்காதீங்க, இனிமே அந்த மாதிரிப் பெட்டி எங்க கெடைக்கும்” என்று மனைவி கத்தினாள்.

தகட்டை அடுப்புக்கு மேலே வைத்து, மண்ணைப் பரப்பிக் காயவைத்தேன். காய்ந்ததும் அதே தகட்டின் மேல் சோடாப் போத்தலை உருட்டி, அழுத்தித் தேய்த்து, முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி ஆக்கினேன். பிறகு தகட்டை மடித்து, ஒரு துளி சிந்தாமல் புதுப் பைக்குள் கொட்டினேன். விஞ்ஞானம் ஒன்றும் கஷ்டமில்லை என்று அப்போது தோன்றியது.

இரண்டு கிழமை கழித்துத் தம்பி வீடியோவில் வந்தான். வழக்கமாக என்னைக் கண்டதும் “என்னாண்ணே, தொப்பை வளந்துருச்சு” என்பான். அன்று சொல்லவில்லை.

“அண்ணே, சாதாரண மெஷின்ல போட்டுப் பாத்தேன். கிராஃப்ல ஒரு மேடு தெரியுது. ஆர்சனிக்கா இருக்கலாம். ஆனா—”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பீலிக்கரைக்கு ஓடினேன். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நான் ஒரு கல்லின் மேல் ஏறி, இந்தத் தண்ணீரில் நஞ்சு இருக்கிறது, யாரும் தொடாதீர்கள் என்று அறிவித்தேன். கல் பாசி பிடித்தது. ‘தொடாதீர்கள்’ என்று சொல்லும்போதே வழுக்கி, இடுப்பு வரை அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மறுநாளிலிருந்து அவர்கள் எதிர் மலையின் ஊற்றுக்குப் போனார்கள். போக வர ஒரு மணி நேரம், அட்டை கடிக்கிற பாதை.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது தம்பி இன்னும் போனில் இருந்தான். மகளோடு பேசிக்கொண்டிருந்தான்.

“ஒங்கப்பா முழுசாக் கேக்காம ஓடிட்டாரு. அண்ணே, உக்காருங்க. ஆர்சனிக்கா இருக்கலாம், ஈயமாவும் இருக்கலாம். ஒரு பொருள் மேல எக்ஸ்ரே அடிச்சா, அதுவும் பதிலுக்கு எக்ஸ்ரே விடும். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு அளவு. அத வச்சுத்தான் இது இரும்பு, இது செம்புன்னு சொல்றோம். இந்த ரெண்டோட பெரிய கோடுங்க மட்டும் பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். வேற சின்னக் கோடுகளை வச்சுப் பிரிக்கலாம். இது ரொம்பக் கொஞ்சமா இருக்கிறதால அதெல்லாம் அமுங்கிப்போச்சு.”

அவன் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வரைபடத்தில் மலையை வெட்டிக் காட்டுவார்களே, அந்த மாதிரி ஏற்ற இறக்கம். நடுவில் ஒரு மொட்டைக் குன்று.

“பனி மூடுனா ரெண்டு மலை ஒண்ணாத் தெரியுமே, அதேதான். என் டிடெக்டர்ல போட்டா பனி விலகும். அது ஒரு தெர்மாமீட்டர்தாண்ணே. ஒரு துணுக்கு எக்ஸ்ரே வந்து விழுந்தா எவ்வளவு சூடேறுதுன்னு பாக்கும். அத்தினூண்டு சூடு தெரியணும்னா, அது இருக்கிற பெட்டி பயங்கரக் குளிரா இருக்கணும்.”

“எங்களுக்கே குளிரா? நுவரெலியாவுல தண்ணி உறையுறதப் பாத்தவன்டா நான்.”

“விண்வெளி இந்தப் பெட்டியவிடச் சூடு.”

“அப்ப நுவரெலியா?”

“அடுப்பு” என்றான்.

சிரித்தோம். ஆனால் பெட்டியைக் குளிராக்கவே நாள் எடுக்கும், அவன் முறை வரக் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு துணுக்காக எண்ணுகிற வேலை என்றெல்லாம் சொன்னான். பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். எங்கோ ஒரு பெட்டி குளிர்ந்துகொண்டிருக்க, இங்கே ஒரு வயிறு வளர்ந்துகொண்டிருந்தது. நான் போத்தல் தண்ணீரை மூட்டையாக இறக்கினேன். மகள் அதில்தான் குளிக்க வேண்டும் என்று நின்றேன். அவள் கணவர் கொழும்பிலிருந்து பேசும்போதெல்லாம், “மாமா, எல்லாம் நல்லாத்தானே போகுது?” என்பார். “ஒரு குறையும் இல்ல” என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் கழிவறைக்கு ஓடுவேன். அதுவும் ஆர்சனிக்கின் அறிகுறி என்று போட்டிருந்தது.

பதின்மூன்றாம் நாள் பின்னேரம் தம்பி அழைத்தான். எல்லோரும் சமையலறையில் இருந்தோம். படத்தில் அந்த மொட்டைக் குன்று இல்லை. ஊசி மாதிரி ஒரே ஒரு சிகரம். அதற்கு இடப்பக்கம் மயிரிழை தள்ளி அவன் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தான். கோடு போட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது.

“செவப்புக் கோடு ஆர்சனிக் நிக்க வேண்டிய எடம். ஒண்ணும் இல்ல. ஊசியா நிக்கிறது ஈயம்.”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மனைவி அழுதேவிட்டாள். தம்பியின் முகம் மட்டும் மாறவில்லை.

“அண்ணே, அந்த ஊத்துல ஈயம் வர வழியே இல்ல. மண்ணை எதுல காயவச்சீங்க?”

“பெட்டித்தாள்ல.”

“எதுல அரைச்சீங்க?”

“அதுலயேதான். போத்தல் உருட்டி.”

தகட்டை எடுத்துக் காட்டச் சொன்னான். காட்டினேன். போத்தல் உருண்ட இடமெல்லாம் கீறல் கீறலாக இருந்தது. நான் அனுப்பியது மண் மட்டுமல்ல, தகட்டைச் சுரண்டிய தூளும்தான்.

“அதெல்லாம் ஈயத் தகடுண்ணே. ஒலகத்துலயே குளிரான பெட்டியில நான் பன்னெண்டு நாளா ஒங்க போத்தல் தேய்ச்சதத் தேடியிருக்கேன்.”

“தண்ணி நல்லதுதானே? போதும்டா, வுடு” என்றேன். சிரிப்புக்கூட வந்துவிட்டது. அதற்கும் அவன் சிரிக்கவில்லை.

“அந்தப் பெட்டி இன்னும் வீட்டுல இருக்கா? அதுல என்னா வச்சிருக்கீங்க?”

மனைவிதான் பதில் சொன்னாள். “அரிசி, தம்பி. கல்யாணமாகி வந்ததுல இருந்து அதுலதான்.”

மூடியைத் திறந்தோம். சுண்டு என்கிற அளவு டின்னைப் போட்டு அரிசி அள்ளும்போது தினமும் உரசுகிற பக்கம் மட்டும் வெள்ளி மாதிரிப் பளபளத்தது. மற்ற இடமெல்லாம் வெளிறிய மாவு பூத்திருந்தது. அதை மனைவி இத்தனை வருடமும் அரிசித் தவிடு என்று நினைத்திருந்தாள். நானும்தான். மகள் அந்தப் பக்கத்தை விரலால் தொடப் போனாள். தொடவில்லை.

“நான் பொறந்ததுல இருந்து இதுலதானே சாப்பிட்டேன்” என்றாள்.

தம்பி மெதுவாகச் சொன்னான். ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். வருடக்கணக்கில் சும்மா கிடக்குமாம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எலும்பு கரைந்து கொடுக்குமே, அப்போது அதுவும் கூடவே கிளம்பி வருமாம். இரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றான். நான் இரண்டு கிழமையாகத் தண்ணீரைக் காவல் காத்தேன். அந்த இரண்டு கிழமையும் மூன்று வேளையும் என் கையாலேயே அவளுக்குச் சோறு போட்டேன். “ரெண்டு பேருக்குச் சாப்பிடு” என்று கூடுதலாக வேறு வைத்தேன்.

பெட்டியை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு லயத்துக்குப் போனேன். அங்கேயும் பல வீட்டில் அதே பெட்டி. இந்தத் தடவை கல்லில் ஏறவில்லை, தண்ணீர் நல்லது, பெட்டிதான் நஞ்சு என்று தரையில் நின்றே சொன்னேன்.

குடத்தோடு நின்ற ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “மொதல்ல தண்ணி. இப்பப் பொட்டியா? அடுத்தது என்னா சேர், காத்தா?”

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே போய்ப் பீலியில் குடத்தை வைத்தார்கள். பெட்டியை யாரும் வெளியே எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

மகளின் இரத்தத்தை நகரத்து ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு கிழமை ஆனது. டாக்டர் ஒரு சிங்களப் பெண். எங்களுக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினார். “இருக்கு. மருந்து குடுக்கிற அளவு இல்ல. ஆனா இல்லாட்டி நல்லம். பேபி பிறந்த பிறகு பேபிக்கும் பாப்போம்.” கல்சியம் எழுதினார், இரும்பு எழுதினார். பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “பாப்போம்” என்று இன்னொரு தடவை சொன்னார்.

இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அரிசி இப்போது பிளாஸ்டிக் வாளியில். சோறு போடும் வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நேற்று மகள் சித்தப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

“புள்ள பொறந்த முப்பத்தொண்ணாம் நாள் முடி எடுப்பாங்கல்ல சித்தப்பா. அந்த முடியை ஒங்களுக்கு அனுப்பவா? ஒங்க பெட்டியில போட்டுப் பாப்பீங்களா?”

“அனுப்பு. எல்லாத்தையும் நிறுத்திட்டு மொதல்ல அதத்தான் பாப்பேன். ஆனா நீயே எடுத்து, நீயே பையில போட்டு ஒட்டு. ஒங்கப்பா கை படக் கூடாது.”

“ஆமா” என்றாள் மகள். என்னைப் பார்க்கவில்லை.