கருவாட்டுக் கள்ளி

மன்னாரில் கருவாடு விற்கும் எமல்டா வலக்காலை இழுத்து நடப்பவள். ஊர் இளவட்டப் பெடியள் எடுத்த சிரிப்புக் குறும்படத்தில், கருவாடு திருடும் கள்ளியும் அப்படியே நடந்தாள். ஊர் மண்டபத்தில் படத்தைப் போட்ட அன்று, துப்பறிய வந்தவர்கள் கழுதையில் மோதி விழ, எல்லோரும் சிரித்தார்கள். எமல்டா எழுந்துபோய்ப் படத்தை நிறுத்தினாள்.

"பகிடிக்குத்தான் அன்ரி, சும்மா சிரிக்க," என்றான் படமெடுத்த றெனால்ட்.

"பகிடி உனக்கு, கள்ளியெண்ட பேர் எனக்கு. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியோ?"

அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுவாரம் கள்ளி வரும் காட்சிகளை வெட்டிவிட்டுப் படத்தை மறுபடி போட்டார்கள். கருவாட்டை எடுத்தது யாரென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. எமல்டா முன்வரிசையில் இருந்து, சிரிக்காமல், முடியும்வரை பார்த்தாள். றெனால்டோடு இன்றைக்கும் அவளுக்குப் பேச்சில்லை. அவன் வந்தால் கருவாடு முடிந்துவிட்டது என்பாள், கூடை நிறைய இருக்கும்போதே.