அழுகைக்குப் பில் கிடையாது

பள்ளிப் படிப்போடு நின்ற நான் எழுத உட்கார்ந்ததைப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் ஒரு லாயர் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண் லாயர், தான் வேலை செய்த நேரத்தையெல்லாம் இன்ன வேலை என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும்; அதை வைத்துத்தான் கட்சிக்காரருக்குப் பில் போகும். நேரம் குறைந்தால் வேலை நிரந்தரமாகாது.

பாயான் லெப்பாஸில் உள்ள தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போன மகனை விபத்தில் பறிகொடுத்த ஓர் அம்மா வந்திருந்தார். பேச வராமல் அழுதார். லாயர் ஒரு மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இதை என்னன்னு போடுறது அக்கா?"

"ஆலோசனைன்னு போடும்மா."

"ஒண்ணும் சொல்லலையேக்கா."

"அப்ப கண்ணு தொடைச்சேன்னு போடு லா."

இருவரும் சிரித்தோம். ஆலோசனை என்றே பதிந்தார்.

கண்ணாடிக் கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்த பாஸ், மாலையில் அதை அழித்துவிட்டார்.

"அழுகைக்கெல்லாம் பில் போட முடியாது லா. இப்படியே போனா நீ வேற வேலை பாத்துக்க."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்த அம்மாவிடம் போய் யார் பணம் கேட்பது? லாயர் தலையாட்டினார்.

மறுநாள் அந்த அம்மா மகன் படத்தை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தார். "நான் இல்லைன்னு சொல்லிடுங்கக்கா" என்றார் லாயர். சொன்னேன்.